உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்: சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் பழக்குவது எப்படி?

என் மகளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது ஒருநாள், "அம்மா, யானை" என்று தாளை நீட்டினாள். எனக்கு ஓரளவு வரைய வரும். தும்பிக்கை, தந்தம், நெற்றிப்பட்டம் என்று ஒரு கோயில் யானையே போட்டுக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். மறுநாளிலிருந்து வரைவதை நிறுத்திவிட்டாள். "நீ போடு, எனக்கு வராது." முந்தின வாரம்வரை சுவர் முழுக்கக் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை. அவளைத் திரும்பக் கிரேயான் எடுக்க வைக்க எனக்கு நாலைந்து மாதம் ஆனது.

இப்போது மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பத்துப் பிள்ளைகள் கூடுகிறார்கள். நாலு வயதிலிருந்து எட்டு வயதுவரை. பாதிப் பேர் தமிழ், மீதி மராத்தியும் குஜராத்தியும். தங்களுக்குள் இந்தியில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அங்கே எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: பிள்ளையின் தாளில் பெரியவர் கை படக்கூடாது. கீழே இருப்பதெல்லாம் அந்தச் சட்டத்தை மீறாமல் அடிப்படைகளைப் பழக்கும் வழி. வீட்டில் ஒரு பிள்ளையோடும் செய்யலாம், பள்ளியில் முப்பது பேரோடும் செய்யலாம்.

முதலில் சாமான்கள்

பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம், அல்லது ஏ3 அளவு தாள். மாஸ்கிங் டேப். தடித்த மெழுகுக் கிரேயான். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நாலே நாலு போஸ்டர் கலர் புட்டி. அரை அங்குலத் தட்டைப் பிரஷ். பழைய பனியன் துணி.

கருப்பு வேண்டாம், அது வந்தால் மற்ற எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். ரப்பரை ஒளித்து வையுங்கள். வண்ணம் தீட்டும் புத்தகத்தையும் நான் வாங்குவதில்லை. கோட்டுக்குள் நிரப்புவது கைக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் அந்தக் கோடு யாரோ போட்டது.

தாள் ஏன் பெரிதாக இருக்கவேண்டும்? மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. எட்டும் எலும்பாகத் தெரியவே ஒன்பது, பத்து வயதாகிவிடும். நாலு வயதுப் பிள்ளை தோளிலிருந்துதான் வரைகிறது, விரலிலிருந்து அல்ல. அதன் கையில் சின்ன நோட்டும் கூரான பென்சிலும் கொடுத்து "நேராகப் போடு" என்பது பாவம்.

படி 1: கோடு

தாளைச் சுவரில், பிள்ளையின் தோள் உயரத்தில் ஒட்டுங்கள். நிற்கவைத்து, கையை முழுக்க வீசி வரையச் சொல்லுங்கள். கோட்டின் பெயர்களைப் பிள்ளைகளே வைக்கட்டும். எங்கள் ஹாலில் புழங்கும் பெயர்கள்: நேராக இறங்கினால் மழைக்கோடு, சாய்ந்தால் ஜூலை மழைக்கோடு (இங்கே ஜூலையில் காற்று குடையைத் திருப்பிவிடும்), வளைந்து போனால் கடல்கோடு, சுருண்டால் முறுக்கு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடினால் ரயில். நான் மேசையைத் தட்டுவேன். மெதுவாகத் தட்டினால் கோடு மெதுவாகப் போகவேண்டும், வேகம் பிடித்தால் கோடும் ஓடவேண்டும். ஒரே நிறம், ஒரே கிரேயான், பதினைந்து நிமிஷம் போதும்.

இரண்டாவது நாள் தாளே வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் வரையவிடுங்கள். விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதவைக்கிறோமே, அதே முறைதான். தப்பு என்ற பேச்சே இதில் கிடையாது. தட்டை ஆட்டினால் அழிந்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கோலப்பொடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொடியை விடும் அந்தப் பிடி, பின்னால் பென்சிலுக்கும் உதவும். கிரேயானைப் பிள்ளை முஷ்டியில் பிடிக்கிறதா? திட்டவேண்டாம். கிரேயானை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க வராது, விரல் நுனிகள் தானாகச் சேரும்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். பொதுவாக மூன்று வயதில் வட்டம் மூடும், நாலில் கூட்டல் குறி வரும், நாலரையில் சதுரம், ஐந்தில் முக்கோணம். சாய்சதுரம் ஆறு ஏழு வயதில். பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகும்.

படி 2: வடிவம்

வீட்டுக்குள் வேட்டையில் ஆரம்பியுங்கள். அப்பளம் வட்டம், சமோசா முக்கோணம், ஜன்னல் செவ்வகம். கண்ணில் பட்டதும் தொட்டுச் சொல்லவேண்டும். அரைமணியில் வீடே தலைகீழாகும், பரவாயில்லை.

அப்புறம் வார்லி. மும்பையில் இருந்துகொண்டு வடிவம் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. தகாணு ரோடு லோக்கல் ரயிலில் போய்ச் சேரும் பால்கர் மாவட்டத்து வார்லி மக்களின் சுவரோவியம் இது. வட்டம், முக்கோணம், சதுரம், இந்த மூன்றில் உலகமே அடங்கிவிடும். வட்டம் சூரியனும் நிலாவும், முக்கோணம் மலையும் மரமும். சதுரம் கல்யாண வீட்டுச் சுவரில் அம்மனுக்குப் போடும் கட்டம். செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவைப் பிசினோடு குழைத்து, மென்று நுனி நார்நாராக்கிய மூங்கில் குச்சியால் வரைவார்கள். கல்யாணத்துக்குப் பெண்கள் போட்டுவந்த இந்த ஓவியத்தைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து வெளியுலகுக்குக் காட்டியவர் ஜீவ்யா சோமா மாஷே. 2011இல் பத்மஸ்ரீ வாங்கியவர்.

செய்முறை இதுதான். பழுப்பு நிறப் பார்சல் தாளை மேசையில் ஒட்டுங்கள். பச்சரிசி மாவைத் தோசைமாவுப் பதத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ஒரு ஸ்பூன் ஃபெவிகால் விடுங்கள். குச்சி மெல்லவேண்டாம், ஐஸ்கிரீம் குச்சியோ காது குடையும் பட்ஸோ போதும். தலைகீழாக ஒரு முக்கோணம், அதன் முனையைத் தொட்டு நேராக இன்னொன்று, மேலே ஒரு பொட்டு. ஆள் ரெடி. இதை உங்கள் தாளில் ஒருமுறை செய்து காட்டிவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். "இந்த ஆள் ஓடினால் கால் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் எழுந்து ஓடிப் பார்த்துவிட்டு வந்து வரைவார்கள். போனவாரம் ஆறு வயதுப் பையன் ஒருவன் முக்கோண ஆட்களை நெருக்கியடித்து வைத்து, பாதி உடம்பு வெளியே தொங்க, காலை ஒன்பது மணி குர்லா லோக்கலைப் போட்டிருந்தான்.

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் இந்த வார்லிக்குக் கோடே வேண்டாம். வண்ணத்தாளை வெட்டிக் கொடுத்து அடுக்கிப் பார்க்கவிடுங்கள்.

படி 3: நிறம்

கடையில் சிவப்பு என்று கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். வெர்மிலியனும் ஸ்கார்லெட்டும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தவை. நீலத்தோடு கலந்தால் கத்திரிப்பூ நிறம் வராது, சேறுதான் வரும். கிரிம்சன் என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சளில் லெமன் எல்லோ, நீலத்தில் அல்ட்ராமரீன். முதல் வருஷம் இது தெரியாமல் ஒரு வகுப்பு முழுக்கச் சேறு கலக்கினோம்.

இட்லித் தட்டுதான் கலவைத் தட்டு. ஒரு குழியில் மஞ்சள் ஒரு ஸ்பூன், பக்கத்துக் குழியில் நீலம் ஒரு சொட்டு. எப்போதும் வெளிர்நிறத்தில் அடர்நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். தலைகீழாகச் செய்தால் நீலத்தைப் பச்சையாக்க மஞ்சள் புட்டியே காலியாகும். என்ன நிறம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பச்சை வந்த நிமிஷம் பிள்ளை உங்களை நிமிர்ந்து பார்க்கும், அதைக் கெடுக்கவேண்டாம். பிறகு வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்து ஒரே பச்சையில் ஐந்து படி செய்யச் சொல்லுங்கள். வாழை இலையில் குருத்திலிருந்து முற்றல்வரை எத்தனை பச்சை என்று பார்க்க, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கப் போகும்போது ஓர் இலையும் வாங்கி வந்துவிடுவேன்.

அடுப்படியிலும் ஒரு வித்தை உண்டு. மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் தாளை நனைத்துக் காயவிடுங்கள். சமையல் சோடாத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு அதன்மேல் இழுத்தால் சிவப்புக் கோடு விழும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்யும் வேலையே இது. சுண்ணாம்பு பிள்ளைகள் கைக்கு ஆகாது என்பதால் சோடா. வெள்ளைச் சட்டையோடு யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

படி 4: மண்

வரைய மறுக்கும் பிள்ளைக்கு இதை முதல் படியாகவே வையுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் எங்கும் ஷாடு மண் (பிள்ளையார் சிலை செய்யும் களிமண்) கிடைக்கும்; மற்ற நாளில் தாராவி கும்பார்வாடாவில் குயவர்களிடம் கேட்டால் பிசைந்த களிமண் தருவார்கள். உருட்டு, தட்டு, கிள்ளு, ஒட்டு. நாலு வேலைதான். ஒட்டும் இடத்தில் கீறிவிட்டுக் குழைசேறு தடவாவிட்டால் காய்ந்ததும் யானையின் தும்பிக்கை கழன்று விழும்.

படி 5: பார்ப்பது

பதினோராம் மாடியில் இருக்கும் பிள்ளையிடம் "ஏதாவது வரை" என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஓர் ஆறு. எங்கிருந்தோ தொற்றிக்கொண்ட படம். நான் கண்டிப்பதில்லை. ஒரு குடைமிளகாயைக் குறுக்கே வெட்டிக் கையில் கொடுக்கிறேன், அல்லது கேட்டுக்குக் கூட்டிப்போய் நிற்கும் டாக்ஸியைக் காட்டுகிறேன். எங்கே கருப்பு முடிந்து மஞ்சள் ஆரம்பிக்கிறது? சக்கரம் முழுதும் தெரிகிறதா? இரண்டு நிமிஷம் பார்வை, பிறகு வரைதல். பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு தெருவிலிருந்து போய்விட்டன. நான் இன்னும் அந்த உருண்ட முகத்தைத்தான் வரைகிறேன். பிள்ளைகள் வரைவது வேறு வண்டி. சரி, அவர்கள்தான் பார்த்து வரைகிறார்கள்.

வரைந்து முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். பல சமயம் பிள்ளைக்கே தெரியாது. "இங்கே ஏன் இவ்வளவு அழுத்திப் போட்டாய்?" என்று கேட்டால் கதை வரும். தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதர்களை மூன்று நாலு வயதில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் வரைவார்கள். வயிறு எங்கே என்று விசாரிக்கவேண்டாம், அது தானே வரும்.

"நீ போடு ஆன்ட்டி" என்று ஒரு பிள்ளை தாளை நீட்டினால்? இப்போது நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். "யானைக்கு எதைப் பெரிதாகப் போடலாம், காதா, காலா?" என்கிறேன். காது என்றால், "காட்டு." காற்றில் கையை வீசிக் காட்டும். "அதையே தாளில் விடு." பத்தில் எட்டுத் தடவை நடக்கும். நடக்காத இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்து என் தாளில் என் யானையைப் போடுவேன், இடதுகையால்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சில பெற்றோர் கேட்பது: எலிமென்டரி, இன்டர்மீடியட் கிரேடு டிராயிங் பரீட்சைக்கு இப்போதே தயார் செய்யலாமா? மகாராஷ்டிர அரசு நடத்தும் நல்ல பரீட்சைதான், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஐந்து வயதில் பேச்சே வேண்டாம். அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலா கோடாவில் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்குக் கூட்டிப்போங்கள். 1952இலிருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது. இருபது நிமிஷத்துக்குமேல் உள்ளே வைத்திருக்காதீர்கள். வெளியே நடைபாதையில் உட்கார்ந்து வரைபவர்களிடம்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பார்கள்.

கடைசியாகத் தாள் குவியல். மாதம் இரண்டு படத்தை எடுத்துப் பின்னால் தேதி போட்டு ஃபைலில் வையுங்கள், எதை வைப்பது என்று பிள்ளையே சொல்லட்டும். மீதி ரத்திவாலாவுக்கு, அதாவது பழைய பேப்பர்காரருக்கு. அவர் வரும்போது பிள்ளை பள்ளியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.