உங்கள் கட்டுரையை வெளிநாட்டுத் தளம் நகலெடுத்தால்

நகலைக் கண்டதும் அந்தத் தளத்தாருக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தோன்றும். அதற்கு முன், நகல் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியையும் குறித்துக்கொண்டு, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேபேக் மெஷின் என்ற இணையப் பக்கக் காப்பகத்திலும் அதைச் சேமித்துவிடுங்கள். எச்சரித்த பின் பக்கம் மாயமானால் சான்றும் போய்விடும்.

1886ஆம் ஆண்டு உருவான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில், பதிவு செய்யாமலேயே உங்கள் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அயல்நாட்டு நீதிமன்றம் ஏறுவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. கைகொடுப்பது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லினியம் காப்பிரைட் ஆக்ட்) என்ற பதிப்புரிமைச் சட்டமே. தளத்தை நடத்துபவர் எங்கிருந்தாலும், அது அமெரிக்க நிறுவனத்தின் சர்வரில் இயங்கினால் நகலை நீக்கக் கோரும் நீக்கல் அறிவிப்பை அந்நிறுவனத்துக்கே அனுப்பலாம். தளத்தின் ஐபி முகவரியை (அதன் சர்வரின் எண் முகவரி) ஹூயிஸ் (Whois) என்ற பதிவு விவரத் தேடலில் தேடினால் நிறுவனத்தின் பெயர் கிடைக்கும். கிளவுட்ஃபிளேர் என்று வந்தால், அந்த நிறுவனம் பெரும்பாலும் உண்மையான சர்வரை மறைத்து முன்னால் நிற்கும் திரைதான். அதன் புகார்ப் படிவத்தை நிரப்பினால் உண்மையான சர்வர் நிறுவனம் தெரியவரும்.

அறிவிப்பில் மூலப் பக்கம், நகல் பக்கம் இரண்டின் முகவரிகள், உங்கள் தொடர்பு விவரம், கையொப்பம் ஆகியவற்றுடன், “இப்பயன்பாட்டுக்கு உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ சட்டமோ அனுமதி அளிக்கவில்லை என நல்லெண்ணத்துடன் நம்புகிறேன்” என்ற உறுதிமொழியும், உரிமையாளர் நீங்களே என்ற சத்திய வாக்குமூலமும் இருக்க வேண்டும். பொய்யுரைத்தால் தண்டனை உண்டென்பதால், பிறர் எழுத்தையோ படத்தையோ இதில் சேர்க்காதீர்கள்.

சர்வர் நிறுவனம் அசையாவிட்டால் கூகுளின் நீக்கல் படிவத்தை நிரப்புங்கள். தேடலில் வராத நகலுக்கு வாசகரும் குறைவு, விளம்பர வருமானமும் குறைவு. எதிர்த்தரப்பு மறுப்பு அறிவிப்பு தந்தால், நீங்கள் வழக்குத் தொடுக்காதபட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நகல் மீண்டும் ஏற்றப்படலாம்.