சூரியப் புள்ளியை எண்ணுங்க, 10 மீட்டரைக் கேளுங்க: புதிய ஹாம்களுக்கு ஒரு செய்முறை

பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) புதிதாக ஆசை வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "சூரிய சுழற்சி உச்சம் தாண்டிடுச்சாமே, இனிமேல் 10 மீட்டருக்கு ஆண்டெனா கட்டி பிரயோஜனம் உண்டுங்களா?" தாராளமாக உண்டு. 10 மீட்டர் என்பது 28 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை (பேண்ட்). சூரிய சுழற்சி என்பது சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைவது. 2019 டிசம்பரில் ஆரம்பித்த 25ஆவது சுழற்சி 2024 அக்டோபர் வாக்கில் உச்சத்தைத் தொட்டது, சரிதான். ஆனால் சுழற்சி ஏறுகிற வேகத்தில் இறங்குவதில்லை. ஏற நாலைந்து வருடம் என்றால் இறங்க ஆறேழு வருடம். அந்த இறக்கத்திலும் சில வாரங்கள் புள்ளிகள் மறுபடி பெருகி பேண்ட் நன்றாகத் திறக்கும், அதாவது தொலைதூர நிலையங்கள் கேட்கும். அதனால் அடுத்தவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், சூரியனின் எண்ணையும் உங்கள் காதில் விழுந்ததையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். அதைச் செய்வது எப்படி என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் காரணம். கரும்புள்ளி என்பது சூரியப் பரப்பில் காந்தப்புலம் மிகுந்து, சுற்றுப்புறத்தைவிடச் சூடு குறைந்து தெரியும் இடம். ரேடியோவுக்கு உதவுவது புள்ளி அல்ல, அதைச் சூழ்ந்த பகுதியிலிருந்து வரும் புறஊதாக் கதிர்கள். அவை மேலே அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அந்த மண்டலத்தின் மேலடுக்கான எஃப்2 அடுக்கில் எலக்ட்ரான் அடர்த்தி கூடக் கூட இன்னும் உயர்ந்த அதிர்வெண்களும் பூமிக்குத் திரும்பி வரும். புள்ளி குறைந்த காலத்தில் 28 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் விண்வெளிக்கே போய்விடும், 14 மெகாஹெர்ட்ஸ் அப்போதும் வேலை செய்யும்.

நம் ஊருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது, கோவையிலிருந்து சில நூறு கிலோமீட்டர்தான். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் எஃப்2 அடுக்கு நல்ல அடர்த்தியாக இருக்கும். அதனால் ஐரோப்பாவின் வடக்கில் 10 மீட்டர் செத்துக் கிடக்கும் நாளிலும் நமக்கு அது திறந்திருக்கலாம். மார்ச்சிலும், செப்டம்பர் அக்டோபரிலும் பொழுது சாய்ந்த பிறகு கட்டாயம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, புள்ளியை நீங்களே எண்ணுவது. சூரியனை வெறும் கண்ணாலோ பைனாகுலர் வழியாகவோ பார்க்கவே கூடாது, ஒரு நொடிகூட. பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, ஒரு பக்கத்தை மூடிவிட்டு, கண் வைக்கும் பக்கத்துக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்தால் சூரியனின் உருவம் அதில் விழும். ஒரு நிமிடம் பார்த்ததும் திருப்பிவிடுங்கள், கண்ணாடி சூடேறும். குழந்தைகள் இருக்கும் வாசலில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். காலை 8 மணி வெயில் இதற்கு நல்லது. ருடால்ஃப் வோல்ஃப் 19ஆம் நூற்றாண்டில் தந்த கணக்கு எளிது: புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். 3 கூட்டம், 14 புள்ளி என்றால் 44. உங்கள் எண் அதிகாரபூர்வ எண்ணைவிடக் குறைவாகத்தான் வரும், பரவாயில்லை, தினமும் ஒரே கருவியில் எண்ணினால் ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும். இந்த 11 வருடச் சுழற்சியைக் கண்டுபிடித்த சாமுவேல் ஷ்வாபேயும் தொழில்முறை வானியலாளர் அல்ல, மருந்துக்கடை வைத்திருந்தவர். 1826 முதல் விடாமல் பார்த்து எழுதி 1843இல் அதை வெளியிட்டார்.

மூன்றாவது, இணையத்தில் கிடைக்கும் எண்கள். எஸ்எஃப்ஐ (சோலார் ஃப்ளக்ஸ் இண்டெக்ஸ்) என்பது 10.7 சென்டிமீட்டர் அலையில் சூரியன் அனுப்பும் ஆற்றல், கனடாவின் பென்டிக்டனில் அளக்கிறார்கள். அங்கே நண்பகல் அளவு நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி, ஆக நீங்கள் காலையில் பார்ப்பது முந்தைய இரவின் எண். சுழற்சியின் அடியில் அது 70க்குப் பக்கத்தில் நிற்கும். 100 தாண்டினால் 15 மீட்டரில் (21 மெகாஹெர்ட்ஸ்) நம்பி உட்காரலாம், 150 தாண்டினால் 10 மீட்டரில். இது குத்துமதிப்புதான். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் கே எண்ணையும் பாருங்கள்: 0 முதல் 9 வரை, 5 வந்தால் காந்தப்புயல். எஸ்எஃப்ஐ உச்சத்தில் இருந்தும் பேண்ட் ஊமையாகக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சுழற்சி இறங்கும் வருடங்களில் இந்தப் புயல்கள் அடிக்கடி வரும்.

ஆண்டெனாவை நீட்டி முழக்க வேண்டாம். 28.2 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டரை மீட்டர் கம்பி இரண்டு, நடுவில் ரேடியோவுக்கு இறங்கும் கோஆக்ஸ் கேபிள், இரண்டு தென்னைக்கு நடுவே எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு. மின்கம்பி பக்கம் போகவே வேண்டாம். சித்திரை வைகாசியில் கோடை இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான வேலை, கேட்பது. 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்க 18 வழிகாட்டி நிலையங்கள், வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, ஆளுக்கு 10 விநாடி அனுப்புகின்றன. ஒரு சுற்று 3 நிமிடம், மணி தொடங்கும்போது சுற்றும் தொடங்கும். இந்திய நேரத்துக்கும் இது அப்படியே பொருந்தும். 28.200இல் சுற்று தொடங்கி 1 நிமிடம் 30 விநாடியில் ஆஸ்திரேலியாவின் பெர்த், 1:40இல் ஜப்பான், 2:00இல் ஹாங்காங், 2:20இல் தென்னாப்பிரிக்கா, 2:40இல் இஸ்ரேல். அவை அனுப்பும் மோர்ஸ் குறியீடு தெரியாவிட்டாலும் கடிகாரம் பார்த்தே யார் என்று சொல்லிவிடலாம். நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறிக்குப் பின் நான்கு நீண்ட ஒலி வரும்: முதலாவது 100 வாட், அப்புறம் 10, 1, கடைசியில் 0.1. எத்தனை கேட்கிறது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டிய மதிப்பெண். நாலும் கேட்டால், அந்தத் திசையில் ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்கே போதும் என்று அர்த்தம், இதைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை. 2:10இல் வரும் கொழும்பு கேட்காவிட்டால் ரேடியோவைத் தட்டாதீர்கள். 28 மெகாஹெர்ட்ஸ் அலை நம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும் தூரம் அது. எப்போதும் எல்லா நிலையமும் இயங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலையில் கிழக்கு, சாயங்காலம் மேற்கு என்று இரண்டு வேளை போதும். ரேடியோ எஸ்எஸ்பி (ஹாம்கள் பேசும் முறை) அல்லது சிடபிள்யூ (மோர்ஸ் கேட்கும் முறை) முறையில் இருக்க வேண்டும், சாதாரண ஏஎம்மில் இந்த ஒலி கேட்காது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு நடுவே வீடு என்றால் இரைச்சல் பெரிய தொல்லை. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று பேட்டரியில் கேளுங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள்.

நோட்டில் தேதி, உங்கள் புள்ளி எண், எஸ்எஃப்ஐ, கே, எந்த நிலையம் எத்தனை ஒலி, இவ்வளவுதான் கட்டம். சூரியன் தன்னைச் சுற்ற நமக்குத் தெரிகிறபடி 27 நாள் ஆவதால், ஒரு பெரிய கூட்டம் விளிம்பில் மறைந்த நாளைச் சிவப்பு மையில் குறியுங்கள். இரண்டு வாரம் கழித்து எதிர் விளிம்பில் அது திரும்புகிறதா, 10 மீட்டரும் கூடவே எழுகிறதா என்று பாருங்கள். பேசுவதற்கு ஏஎஸ்ஓசி (அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ்) தேர்வும் உரிமமும் வேண்டும், அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களை இந்த நோட்டில் செலவிடுங்கள்.