நாள்பட்ட நோயோடு வளரும் பிள்ளைகளின் வாழ்க்கைத் தரம்: ஆய்வு செய்பவர்கள் யாரிடம், எப்படிக் கேட்பது?

இந்தத் துறையில் ஆய்வு தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கேள்வித்தாள் நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் யாரிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். எனக்குப் பள்ளி நாட்களிலேயே டைப் 1 சர்க்கரை நோய் வந்துவிட்டது. "நன்றாகத் தூங்குகிறாளா? சுறுசுறுப்பாக இருக்கிறாளா?" என்று எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்பார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இன்று இளையோரிடம் பேட்டி எடுப்பதே என் வேலை. பிள்ளையால் பதில் சொல்ல முடியும் என்றால் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, மூட்டு எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதெல்லாம் நோயின் கணக்கு. அந்த நோயோடு பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது என்பது வேறு கணக்கு. அதைத்தான் வாழ்க்கைத் தரம் என்கிறோம். பரிசோதனை முடிவு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நண்பர்களோடு வெளியே சுற்றுவார், இன்னொருவர் அறையை விட்டே வரமாட்டார்.

சரி, கேள்வித்தாளுக்கு வருவோம். பரவலாகப் பயன்படுவது பெட்ஸ்க்யூஎல் (PedsQL) என்ற கேள்வித்தாள். உடல், மனம், நட்பு, பள்ளி என்று நான்கு பிரிவுகளில் 23 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் எது எவ்வளவு தொல்லையாக இருந்தது என்று கேட்கும். மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. 5 வயதிலிருந்தே பிள்ளைகள் பதில் சொல்லலாம். 5 முதல் 7 வயது வரை நாம் கேள்வியை வாசித்துக் காட்ட, அவர்கள் மூன்று முகப்படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். 8 முதல் 18 வயதுக்கு கிட்ஸ்கிரீன் (KIDSCREEN) என்ற இன்னொரு கேள்வித்தாள் இருக்கிறது. 52, 27, 10 கேள்விகள் என மூன்று அளவுகளில் கிடைக்கும். இந்த இரண்டும் பொதுவானவை. நோயில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் இப்படிப்பட்டதுதான் வேண்டும். சிகிச்சையை மாற்றியதால் என்ன ஆனது என்று பார்க்க வேண்டுமென்றால், அந்த நோய்க்கென்றே உருவாக்கிய கேள்வித்தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, முறையாகச் சரிபார்த்த மொழிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள். நீங்களாக ஒரு சொல்லை மாற்றினால்கூட மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

மூட்டழற்சி உள்ள ஒரு பையனும் அவன் அம்மாவும் தனித்தனியே நிரப்பிக் கொடுத்த தாள்கள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். வலி பற்றிய கேள்விக்கு அம்மா "ஏறக்குறைய எப்போதும்" என்று குறித்திருந்தார். அவன் "சில சமயம்" என்று குறித்திருந்தான். மற்ற பிள்ளைகள் செய்வதைத் தன்னால் செய்ய முடியவில்லை என்ற வரியில் மட்டும் பேனாவை அழுத்திக் குறித்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "வலி பழகிடுச்சு அக்கா. விளையாட்டு நேரத்துல எப்பவும் என்னையே ஸ்கோர் எழுத உட்கார வைக்கிறாங்க, அதுதான்" என்றான்.

அம்மா சொன்னதும் பொய்யில்லை. இரவில் அவன் காலைப் பிடித்துவிடுபவர் அவர்தான். கண்ணுக்குத் தெரியும் உடல் சிரமங்களில் பெற்றோரும் பிள்ளையும் ஓரளவு ஒத்துப்போவார்கள். மனசு, நட்பு என்று வந்தால் விலகுவார்கள். ஆகவே இரண்டு பதில்களையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். தனித்தனியாக வைத்து, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். இருவரையும் வெவ்வேறு இடத்தில் உட்கார வையுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே தாளைக் கொடுத்துவிடுங்கள். பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு வந்தால் அந்த மனநிலையே பதிலிலும் ஏறிவிடும்.

கணக்குப் போடும்போது, ஒரு பிரிவில் பாதிக்கு மேல் கேள்விகள் விடுபட்டிருந்தால் அந்தப் பிரிவுக்கு மதிப்பெண் கிடையாது. மொத்த மதிப்பெண் இரண்டு மூன்று கூடினால் உடனே முன்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளின் சொந்தப் பதிலில் ஏறக்குறைய 4.4 மதிப்பெண் மாறினால்தான் பொருளுள்ள மாற்றம் என்பது பெட்ஸ்க்யூஎலை உருவாக்கியவர்களின் கணிப்பு.

கடுமையான நோயுள்ள பிள்ளை உயர்ந்த மதிப்பெண் கொடுத்தால், "உண்மையை மறைக்கிறது" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நோயோடு வாழ வாழ நமக்கு எது முக்கியம் என்பதே மாறும். அந்த மாற்றமும் ஆய்வுக்குரியதுதான். அப்புறம், கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடியுங்கள். வருகிறவர்களை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மனம் பற்றிய கேள்விகளுக்கு வந்த பதில்களை அன்றைக்கே வாசித்துவிடுங்கள். பயம், சோகம் என்று எல்லாவற்றுக்கும் "ஏறக்குறைய எப்போதும்" என்று குறித்த பிள்ளையை, தரவு சேர்ந்து முடியும் வரை காக்க வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளையிடம் யார் பேசுவார், எந்த ஆலோசகரிடம் அனுப்புவீர்கள் என்பதை முதல் தாளைக் கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அனுப்ப வேண்டிவரலாம் என்பதைச் சம்மதம் கேட்கும்போதே பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.