பேனாவைப் பிடுங்காதீர்கள்: லெசோன் (டியூஷன்) எடுக்கப் புதிதாக வருவோருக்கு

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் என் வீட்டு வராந்தாவில் வெகுகாலமாக லெசோன் எடுத்துவருகிறேன். இந்த ஆண்டு ஒரு மேசையை, பல்கலைக்கழகம் முடித்து வந்த என் அண்ணன் மகளுக்குக் கொடுத்தேன். எஸ்.சி. (கேம்பிரிட்ஜ் ஸ்கூல் சர்டிஃபிகேட்) தேர்வு எழுதும் மாணவர்களுக்கு அவள் கணிதம் சொல்லித்தருவதை ஒரு வாரம் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன். என் பழைய அசட்டுத்தனங்கள் ஒன்றுவிடாமல் அந்த மேசையில் அரங்கேறின. நேரத்துக்குத் தூங்கு, கால்குலேட்டரை மறக்காதே என்பதையெல்லாம் பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாடத்திட்டத்தைப் பார்க்காமல் தொடங்குவது

இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள்.

பேனாவைப் பிடுங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பிள்ளை ஒரு வரியில் தடுமாறுகிறது. நமக்குப் பொறுமை இல்லை. "இங்கே கொடு" என்று பேனாவை வாங்கி, மளமளவென்று போட்டு முடித்து, "புரிந்ததா?" என்கிறோம். புரியவில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பத்து ஆண்டு வினாத்தாள்கள், ஒன்றுகூடத் தவறில்லை. எங்கள் தேர்வில் எண் குறையக் குறையத் தரம் உயரும்; கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சிக்கு 6 அல்லது அதற்குக் கீழே வேண்டும், அவளுக்கு வந்தது 8. அவள் அம்மா அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, மிஸ்?" புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் கையெழுத்து.

என் அண்ணன் மகள் செய்ததும் அதுவே. ஒரு முக்கோணம்: பக்கங்கள் 8, 5, இடைக்கோணம் 40 பாகை, மூன்றாம் பக்கம் வேண்டும். பையன் 64 + 25 − 80 cos 40 என்று சரியாகத்தான் எழுதினான். பிறகு 89இலிருந்து 80ஐக் கழித்து, மிஞ்சிய 9ஐ cos 40ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து 2.63 என்று முடித்தான். எங்கள் தீவில் ஆண்டுதோறும் பிள்ளைகள் விழும் குழி இது. அவள் பேனாவை வாங்கி 5.26 என்று திருத்தினாள்.

"அந்த முக்கோணத்தை அவனையே வரையச் சொல்" என்றேன்.

"நேரம் ஆகும், அத்தை."

ஆகட்டும். 5ஐயும் 2.63ஐயும் கூட்டினால் 8 வராது. இரண்டு கோடுகளின் முனைகளும் ஒன்றையொன்று தொடவே தொடாது. ஸ்கேலை வைத்துக்கொண்டு அவன் திருதிருவென்று விழித்த இரண்டு நிமிடம்தான் அன்றைய பாடம். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று அவனாகவே சொன்னான்.

இன்னொன்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் மதிப்பெண் திட்டத்தில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. இறுதி விடை பிசகினாலும், சரியாக எழுதிய அந்த முதல் வரிக்குப் பொதுவாக ஏதாவது கிடைக்கும். நாம் போட்டுக் காட்டியே பழக்கிய பிள்ளை, விடை தெரியாவிட்டால் அந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறது. நான் இப்போது வகுப்பில் கைகளைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

கிரியோலோடு நிறுத்திவிடுவது

விளக்குவது எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் தாள் ஆங்கிலத்தில். நிறையையும் எடையையும் வீட்டில் 'ப்வா' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய பிள்ளை, இயற்பியல் தாளில் எடையைக் கிலோகிராமில் எழுதுகிறது. நியூட்டன் என்று எழுத வேண்டும். விளக்கி முடித்ததும், அதையே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

இடையிலேயே தசமத்தை வெட்டுவது

கடைசி வரியில் மட்டும் வெட்டட்டும்.

விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பயிற்சி செய்யவிடுவது

பூட்டி வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

தேர்வுக்கு முந்தைய இரவு வகுப்பு வைப்பது

ஒருமுறை வைத்தேன். ஒன்பது மணிக்குள் மூன்று பேர் அழுதார்கள், ஒருவன் மேசையிலேயே தூங்கிப்போனான். மறுநாள் நன்றாக எழுதியவன் அவன்தான்.