ஸ்டார்ஃபீல்டில் எதை எப்போது செய்வது

ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி வீடியோ கேமைப் பத்து மணிநேரம் விளையாடிவிட்டு நிறுத்தியவர்களிடம் அந்தப் பத்து மணிநேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். ஏதோ ஒரு காலிக் கிரகத்தில் இறங்கினோம், பாறையை ஸ்கேன் செய்தோம், ஒரு கைவிடப்பட்ட முகாமுக்குள் நுழைந்து நாலு பேரைச் சுட்டோம், அடுத்த கிரகத்துக்குப் போனோம், அங்கேயும் அதே பாறை அதே முகாம். 2023 செப்டம்பரில் கேம் வந்தபோது 1000க்கும் மேற்பட்ட கிரகங்கள் என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்தது, அதனால் அத்தனையையும் சுற்றிப் பார்ப்பதுதான் கேம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கிரகங்களில் பெரும்பாலானவை வெறும் பின்னணி. உட்கார்ந்து யோசித்து எழுதிய கதைகளெல்லாம் சில நகரங்களிலும் நாலு பெரிய ஃபேக்ஷன்களிலும், அதாவது நாம் சேரக்கூடிய அமைப்புகளிலும், மெயின் மிஷனிலும்தான் இருக்கின்றன. எனவே முதலில் மிஷன் எடுங்கள், மிஷன் கூட்டிப்போகும் கிரகத்துக்குப் போங்கள், வழியில் கண்ணில் படுவதைப் பாருங்கள். சும்மா சுற்றுவதை லெவல் 30க்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகளெல்லாம் இதை ஒட்டித்தான் வரும். மெயின் கதை முடியும்போது நியூ கேம் ப்ளஸ் என்று ஒரு வாசல் திறக்கும். அதைத் தாண்டினால் லெவல், ஸ்கில்கள், பவர்கள் என்ற சிறப்புச் சக்திகள் மட்டும் கூட வரும். பணம், துப்பாக்கி, கப்பல், வீடு, கிரகங்களில் நீங்களே கட்டிய அவுட்போஸ்ட் என்ற தளங்கள் எதுவும் வராது. எனவே முதல் சுற்றில் அவுட்போஸ்ட் கட்டுவதிலும் கப்பலை இழைத்து இழைத்து அலங்கரிப்பதிலும் நாற்பது மணிநேரம் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்து வைத்திருங்கள். அது பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யலாம், வாசலைத் தாண்டியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, ஆரம்பம். பாத்திரத்தை உருவாக்கும்போது வரும் பின்புலத் தேர்வு உங்களுக்கு மூன்று ஸ்கில்களைக் கையில் கொடுத்துவிடும். முதல்முறை ஆடுபவர்களுக்கு நான் சொல்வது பவுண்டி ஹண்டர். பைலட்டிங், டார்கெட்டிங் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், பூஸ்ட் பேக் ட்ரெயினிங் மூன்றும் அதில் உண்டு, மூன்றுமே கடைசி வரை உதவும். பூஸ்ட் பேக் என்பது முதுகில் மாட்டிப் பறக்கும் கருவி, அந்த ஸ்கில் இல்லாவிட்டால் முதுகில் பேக் இருந்தாலும் பறக்க முடியாது, இது தெரியாமல் பலர் நெடுநேரம் தரையிலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். ட்ரெய்ட்கள், அதாவது பாத்திரத்தின் தனி இயல்புகள், மூன்று வரை எடுக்கலாம். அவற்றில் கிட் ஸ்டஃப் எடுத்தால் உங்கள் பாத்திரத்துக்கு அப்பா அம்மா இருப்பார்கள், வாராவாரம் உங்கள் பணத்தில் ஒரு சிறு பங்கு அவர்களுக்குப் போகும், பதிலுக்கு அவ்வப்போது பரிசும் வரும். எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்த சின்ன விஷயம் அதுதான்.

வெக்டெராவின் சுரங்கத்தில் தொடங்கி, க்ரீட்டில் விண்வெளிக் கொள்ளையர் தளத்தை முடித்து, ஜெமிசன் கிரகத்தில் இருக்கும் நியூ அட்லாண்டிஸ் நகரத்துக்கு வந்து கான்ஸ்டெலேஷன் என்ற ஆய்வாளர் குழுவில் சேர்வது வரை கேமே கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் குழுவின் தலைமையிடமான லாட்ஜுக்குள் போனதும் கீழ்த்தளத்தில் வேலை மேசைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்கு எடை வரம்பே கிடையாது. கையில் இருக்கும் உலோகம், பிசின், ஒயர் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுங்கள். சுமை அதிகமானால் ஓடும்போது ஆக்ஸிஜன் சட்டென்று தீரும், அப்புறம் கார்பன் டை ஆக்சைடு ஏறி உயிர் குறைய ஆரம்பிக்கும். கண்ணில் பட்ட குவளை, பேனா, நோட்டுப் புத்தகம் என்று எல்லாவற்றையும் அள்ளும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். துப்பாக்கி, மருந்து, பூட்டுத் திறக்கும் டிஜிபிக், பணம், விலையேறிய சூட் இவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

அங்கிருந்து மெயின் மிஷனை 'இன்டு தி அன்நோன்' வரை ஓட்டிவிடுங்கள். அதில்தான் முதல் கோயில் வரும், முதல் பவர் கிடைக்கும். மொத்தம் 24 பவர்கள், சண்டையின் சுவையே மாறிவிடும். அதைத் தாண்டி மெயின் கதையில் அவசரப்பட வேண்டாம், ஃபேக்ஷன்களுக்குப் போக இதுதான் சரியான நேரம்.

முதலில் யூசி வேன்கார்ட், அதாவது யுனைடெட் காலனீஸ் அரசின் தன்னார்வப் படை. நியூ அட்லாண்டிஸில் மாஸ்ட் கட்டடத்துக்குள் போய் ஜான் டுவாலாவைப் பார்த்தால் சேர்த்துக்கொள்வார். அதற்கு முன் விமானி தேர்வு என்று ஒரு சிமுலேட்டரில் உட்கார வைப்பார்கள், அதை அவசரமாக முடித்துவிட்டு ஓடாதீர்கள். அதில் நீங்கள் அழிக்கும் கப்பல்கள் பைலட்டிங் ஸ்கில்லின் சவாலுக்குக் கணக்காகும். இந்தக் கேமில் ஒரு ஸ்கில்லின் அடுத்த படிக்குப் போக பாயின்ட் மட்டும் போதாது, அந்த ஸ்கில்லைப் பயன்படுத்திச் சில வேலைகளையும் முடிக்க வேண்டும். பைலட்டிங்குக்கு 5, 15, 30 என்று கப்பல்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும், நிஜ விண்வெளியில் அதற்கு வெகுநேரம் பிடிக்கும், சிமுலேட்டரில் சேதமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்துகொள்ளலாம். மூன்றாம் படியில் பி வகைக் கப்பலும் நான்காம் படியில் சி வகைக் கப்பலும் ஓட்ட முடியும் என்பதால் இந்த உழைப்பு வீண் போகாது. அதன் பிறகு வரும் வேன்கார்ட் கதை, என் கருத்தில், இந்தக் கேமிலேயே சிறந்த எழுத்து. முதல் மிஷனின் பயம் கடைசி வரை குறையாது.

அடுத்தது ஃப்ரீஸ்டார் ரேஞ்சர்ஸ். அகிலா சிட்டிக்குப் போனால் வாசலிலேயே ஒரு வங்கியில் பணயக்கைதிப் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தீர்த்து வைத்தால் சேரும் வழி திறக்கும். முடிவில் ஸ்டார் ஈகிள் என்ற கப்பலைத் தருகிறார்கள், நல்ல கப்பல். நியான் நகரத்தில் ரியூஜின் இன்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், ஒளிந்து நுழைவது பிடித்தவர்களுக்கு. துப்பாக்கியால் பேசுபவர்களுக்குப் பொறுமை போய்விடும். க்ரிம்ஸன் ஃப்ளீட் என்ற விண்வெளிக் கொள்ளையர் கூட்டத்தின் கதைக்கு வேன்கார்ட் வழியாகவும் போகலாம், யூசி எல்லைக்குள் குற்றம் செய்து பிடிபட்டாலும் போகலாம். உளவாளியாக உள்ளே நுழைந்து எந்தப் பக்கம் நிற்பது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கும். நான்கும் ஒன்றுக்கொன்று தடையில்லை, ஒரே பாத்திரத்தில் நான்கையும் முடிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் எடுங்கள். மிஷன் பட்டியலில் நாற்பது வரிகள் நிற்கும்போது எந்தக் கதையும் மனதில் தங்காது.

ஸ்கில் பாயின்ட்களை எங்கே போடுவது என்றால், ஆரம்பத்தில் செக்யூரிட்டி, வெயிட் லிஃப்டிங், பெர்சுவேஷன், பிறகு நீங்கள் அதிகம் தூக்கும் துப்பாக்கி வகை. ஐந்து பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 4, 8, 12 பாயின்ட்கள் போட்டால்தான் அடுத்தடுத்த வரிசை திறக்கும், ஆகவே ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவாமல் இரண்டில் ஆழமாகப் போங்கள். ஸ்கில்கள் வாசலைத் தாண்டியும் கூட வருபவை என்பதால் எதைப் போட்டாலும் வீணாகாது, வரிசைதான் முக்கியம்.

லெவல் 15 வாக்கில் டெனெபோலா ஒன்று-பி நிலாவுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். செத்த ஸ்பேசர்களிடம், அதாவது விண்வெளி ரவுடிகளிடம், கிடைக்கும் ஸ்லேட் என்ற ஒரு குறிப்புப் பலகை அந்த மிஷனைத் தொடங்கி வைக்கும். உள்ளே ஒரு கட்டத்தில் தரையில் எழுத்துகள் பதித்த கற்கள் இருக்கும், டி, ஒய், ஆர், ஏ, என், என், ஐ, எஸ் என்ற வரிசையில் மிதித்துப் போக வேண்டும், தப்பினால் சுவர்த் துப்பாக்கிகள் சுடும். முடிவில் ரேஸர்லீஃப் கப்பலும் மேன்டிஸ் சூட்டும் உங்களுடையது. அந்த லெவலில் காசு கொடுத்தாலும் அவ்வளவு நல்ல கப்பல் கிடைப்பது கடினம்.

கப்பல் சண்டையில் தோற்பவர்கள் பெரும்பாலும் மின்சாரத்தைச் சமமாகப் பங்கிட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள். லேசர் எதிரியின் ஷீல்டைத் தின்னும், பாலிஸ்டிக் உடலைத் தின்னும். முதலில் லேசருக்கு முழுச் சக்தி, ஷீல்டு விழுந்ததும் பாலிஸ்டிக்குக்கு மாற்றுங்கள். உங்கள் ஷீல்டை எப்போதும் நிரப்பி வையுங்கள், தப்பி ஓடும் எண்ணம் இல்லாவிட்டால், வேறு மண்டலத்துக்குத் தாவ உதவும் கிராவ் டிரைவுக்கு ஒரு துளிகூடத் தர வேண்டாம். முழு வேகத்தில் கப்பல் சரியாகத் திரும்பாது, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சட்டென்று திரும்பும். ஒருவர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் இந்த ஒரு பழக்கமே காப்பாற்றும்.

பணத்தைப் பற்றி ஒன்று. கடைக்காரர்களிடம் இருக்கும் தொகை சீக்கிரம் தீர்ந்துவிடும், அது நிரம்ப யூனிவர்சல் டைம் என்ற கேமின் பொது நேரத்தில் 48 மணிநேரம் ஆகும். வெள்ளி கிரகத்தில் இறங்கி கப்பல் கட்டிலில் ஒரு மணிநேரம் தூங்கினால் வெளியே 100 மணிநேரம் கடந்திருக்கும். தூங்கி எழுந்தால் சிறிது நேரத்துக்கு அனுபவப் புள்ளிகள் 10 சதவீதம் கூடுதலாக வருவது தனி லாபம். விற்கும்போது கப்பல் சரக்கறைக்கு மாறி அங்கிருந்தே விற்கலாம், சுமந்து போகத் தேவையில்லை. மஞ்சள் குறியுள்ள கடத்தல் பொருள் கையில் இருந்தால் பெரிய நகரங்களுக்குப் போகாமல் நேராக வுல்ஃப் மண்டலத்தில் இருக்கும் தி டென்னுக்குப் போங்கள், அங்கே சோதனை கிடையாது.

நட்சத்திர வரைபடத்தில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு லெவல் எண் போட்டிருக்கும். உங்களைவிட மிக அதிகமான இடத்துக்கு இப்போதைக்குப் போகாதீர்கள், ஒரு எதிரிக்கு முந்நூறு குண்டு என்றால் எந்த மகிழ்ச்சியும் இருக்காது. கடினத்தை எப்போது வேண்டுமானாலும் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபேக்ஷன்கள் முடிந்ததும் மெயின் கதைக்குத் திரும்புங்கள், ஆனால் 'ஹை ப்ரைஸ் டு பே' மிஷனுக்கு முன்பே கூட வரும் தோழர்களான சாரா, சாம், ஆன்ட்ரேயா, பேரட் நால்வரில் உங்களுக்குப் பிடித்தவரோடு நேரம் செலவழித்து அவருடைய தனி மிஷனையும் முடித்துவிடுங்கள். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு தனி சேவ் போட்டு வையுங்கள், ஆட்டோசேவை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியில் அந்த வாசல் முன்னால் நிற்கும்போது திரும்பி வரவும் வழி உண்டு. செய்யாமல் விட்ட மிஷன்கள் இருந்தால் திரும்பி வந்து அவற்றை முடியுங்கள். தாண்டிவிட்டால் மெயின் கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளும் வாய்ப்பு கான்ஸ்டெலேஷனிடம் பேசும்போது வரும், கோயில்களுக்கு மறுபடி போனால் பவர்களின் பலம் ஒவ்வொரு படியாக ஏறும், உச்சம் 10. எனக்கு இரண்டாம் சுற்றில்தான் ரியூஜின் கதை பிடித்தது, ஏனென்றால் அப்போது செக்யூரிட்டி ஸ்கில் ஏற்கெனவே கையில் இருந்தது, எந்தப் பூட்டும் தடுக்கவில்லை.