படம் வரைய ஒப்புக்கொள்ளும் முன் நாலு வரி எழுதி வாங்குங்கள்

ஓவியத்தையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. யாராவது காசு கொடுத்து ஒரு படம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நமக்கே தெரியாமல் கைமாறிவிடும் சொத்து இது.

எனக்கு இது தெரியவந்த விதம் இன்னும் வலிக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்ட என்று ஒருவர் கேட்டு வாங்கிய தேர்த் திருவிழாப் படத்தை, மறு வருடம் ஒரு மளிகைக் கடையின் காலண்டர் அட்டையில் பார்த்தேன். வடம் பிடித்திருந்த பாட்டியின் பச்சைச் சேலைக்கு மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். போய்க் கேட்க என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இப்போதெல்லாம் தூரிகையைத் தொடும் முன்பே வாட்ஸ்அப்பில் இதை அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுகிறேன்: "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இந்தப் படம் வீட்டில் மாட்டுவதற்கு மட்டும். அச்சிட வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பாதித் தொகை முன்பணம்." பெரிய வேலை என்றால் தாளில் கையெழுத்து.

உரிமையை விற்பது தப்பில்லை, நல்ல விலை வந்தால் விற்கலாம். எத்தனை வருடம், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதி விற்க வேண்டும். வருடம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான் கணக்கு. அப்புறம், உரிமை நம்மிடம் இருந்தால் ஒரே படம் வாழ்த்து அட்டை, புத்தக அட்டை, அச்சுப் பிரதி என்று பல கை மாறி, வேலை வராத மாதத்தில் வீட்டு வாடகைக்கு உதவும்.