போதகர்களுக்குப் புத்தகம் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புச் சபைகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு எழும்: "மலையகத்திலயும் வன்னியிலயும் ஊழியம் செய்றவங்களுக்குப் படிக்கப் புத்தகம் இல்ல, ஏதாவது செய்வோம்." நல்ல மனதோடுதான் தொடங்குகிறார்கள். லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் உறவுகளும் கைகொடுக்கிறார்கள். ஆனால் தங்கள் அலுமாரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள், வாசிக்கப் போகிறவரின் வாரம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பதில்லை. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டச் சபையின் பாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனை, நடுவாரத்தில் வீட்டுக் கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், இடையில் ஒரு மரண வீடு. காணிக்கை போதாமல் பகலில் ஓட்டோ ஓட்டுகிறவர்களும் உண்டு. படிப்பதற்கென்று மிஞ்சுவது சனி இரவில் ஒன்றிரண்டு மணித்தியாலம். அவருக்கு முதலில் வேண்டியது தமிழில் ஒரு வேதாகம அகராதி, முழு வேதாகமத்துக்கும் ஒரே பாகத்தில் ஒரு விளக்கவுரை, சபை வரலாறு பற்றி ஒரு சிறு நூல். ரோமர் நிருபத்துக்கு மட்டும் நான்கு பாக விளக்கவுரை பிறகு வரட்டும்.

செலவு அதிகம், பயன் குறைவு என்றால் அது வெளிநாட்டில் ஓய்வுபெற்ற ஒரு போதகரின் நூலகத்தை அப்படியே கப்பலில் ஏற்றுவதுதான். புத்தகம் மட்டும்தான் இலவசம். கப்பல் கட்டணம், துறைமுகக் கட்டணம், சுங்கத்திலிருந்து பொருளை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட், ஆவணத்தில் ஒரு குறை வந்தால் நாள் கணக்கில் ஏறும் தாமதக் கட்டணம், அப்புறம் லொறி. பெட்டியைத் திறந்தால் ஆங்கிலப் பிரசங்கத் தொகுப்புகள், எப்போதோ நடந்து முடிந்த மாநாட்டுக் கையேடுகள், ஐந்து பாகத் தொடரில் மூன்றாவது பாகம் மட்டும். தூக்கி எறியவும் மனம் வராது, கொடுக்கவும் ஆள் இருக்காது. ஆங்கில நூல்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. இறையியல் கல்லூரி நூலகங்களுக்கு அவை தேவை. பட்டியலை முதலில் அனுப்புங்கள், வேண்டியதை அவர்களே தெரிவு செய்யட்டும். இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட், நம்முடையதைப் போன்ற நாடுகளின் போதகர்களுக்கு நூல் சேர்க்க 1971இல் ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது அதற்குத் தம் நூல்களின் ராயல்டியைக் கொடுத்தார். பழைய புத்தகத்தைவிடப் பணம் அனுப்புவது பல நேரங்களில் கூடுதல் உதவி. இங்கேயே தமிழ் நூல் வாங்கலாம், அச்சடிக்கலாம்.

இறக்குமதியை மட்டும் நம்புவதன் ஆபத்தை 2022 காட்டிவிட்டது. வருடத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 20 டொலர் புத்தகம் 4,000 ரூபாயிலிருந்து 7,200க்குப் போனது. தாள் தட்டுப்பாட்டால் அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின என்பதால், உள்ளூர் அச்சும் தப்பவில்லைதான். அதற்காக ஒரேயடியாக மூவாயிரம் பிரதி அடித்து, ஈரமான ஸ்டோர் அறையில் பூஞ்சைக்குக் கொடுப்பதும் சரியில்லை. தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அடிக்கலாம்.

இருப்பதையே மறுபடி மொழிபெயர்ப்பது இன்னொரு வீண் வேலை. சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1858இலிருந்து இயங்குகிறது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் தமிழில் நூல்கள் வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி 1963இலிருந்து சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் "எது இருக்கிறது, எது இல்லை?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் இரண்டு வருட உழைப்பு மிச்சமாகலாம்.

"இப்ப எல்லார்ட்டயும் போன் இருக்குத்தானே, பிடிஎஃப் அனுப்பிவிடுவோம்" என்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏ4 தாளுக்கு இரண்டு பத்தியாக அமைத்த பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் வாசிப்பது தண்டனை. ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி சுருக்க வேண்டும். ஈபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே திரைக்கேற்ப மடங்கும். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இலங்கையில் பல வருடமாகத் தட்டச்சான தமிழ் நூல்களில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். முதலில் அதை, எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்: இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களையும் அது பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். கிரேக்க, எபிரேயச் சொற்கள் சிதையும். மெய்ப்புப் பார்க்க ஒருவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஸ்கேன் பிரதிகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஊழியத்துக்குத்தானே என்றால் சட்டம் விலகி நிற்காது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, நூலாசிரியர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கிறது. மூலநூல் பழையதானாலும் அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. எத்தனை பிரதி, எந்த நாட்டுக்கு, என்ன விலை என்று தெளிவாக எழுதி அனுமதி கேளுங்கள். மலிவுப் பதிப்புக்கு இணங்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன.

முழுக்க இலவசமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, பொன்னாடை போட்டு, போட்டோ பிடித்துக் கொடுக்கும் பொதிகள் பல வீடுகளில் பிரிக்கப்படாமலே இருக்கின்றன. 200 ரூபாயானாலும் தன் காசைக் கொடுத்து, பட்டியலிலிருந்து தானே தெரிவு செய்தவர் வாசிக்கிறார். முடியாதவருக்குத் தவணை கொடுங்கள். யாருக்கும் தெரியாமல் விலையை விட்டும் கொடுங்கள்.

சபைப் பிரிவைக் கேட்காமல் அனுப்புவது சின்ன விஷயமாகத் தெரியும். பெந்தெகொஸ்தே ஊழியருக்கு அந்நிய பாஷை வரத்தைச் சாடும் நூலையும், மெதடிஸ்ட் குருவானவருக்குக் குழந்தை ஞானஸ்நானத்தை மறுக்கும் நூலையும் முதல் பார்சலிலேயே அனுப்பினால், இரண்டாவது பார்சலை அவர்கள் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள்.

பட்ஜெட்டைப் பிரிப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. முழுப் பணமும் புத்தகத்துக்கே போய்விடுகிறது. ஐம்பது பிரதிக்குப் பதிலாக முப்பது வாங்கி, மீதியை வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ அக்கம்பக்கத்து ஊழியர்கள் மாதம் ஒருமுறை கூடி ஓர் அதிகாரம் சேர்ந்து வாசிக்கப் பஸ் காசுக்கும் தேநீருக்கும் ஒதுக்குங்கள். அந்தக் கூட்டத்துக்குப் போதகரின் மனைவியையும் அழையுங்கள். ஞாயிறு பாடசாலையும் பெண்கள் கூட்டமும் பல இடங்களில் அவர் கையில்தான் இருக்கின்றன. சபைகள் அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் இருக்காது, கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.